வாக்கு யாருக்கு? - சட்டப்பேரவைத் தேர்தலும் வாக்காளர் கடமையும்

குடவோலை முறையைப் பற்றிப் பேசும்போது தமிழர் நெஞ்சம் பெருமிதம் கொள்வது இயல்பே. அகநானூற்றின் 77ஆம் பாடலிலேயே அவ்வழக்கம் உவமையாக இடம்பெற்றுள்ளது. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) அதன் விதிகளை விரித்துரைக்கின்றன. எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. குடத்தினின்று ஓலையை எடுத்தவன் ஒரு சிறுவன். நிலமும் கல்வியும் உடைய சிலருடைய பெயர்களே அக்குடத்துள் இருந்தன. முடிவு குலுக்கலின் கையில் இருந்தது.

இன்றைய வாக்காளர் நிலை வேறு. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முழுமையும் அவருடையது. 61ஆவது அரசியலமைப்புத் திருத்தம் (1988) வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது. ஆதலால் நம் மாணவர் பலர் கல்லூரியில் பயிலும் காலத்திலேயே வாக்காளர் ஆகின்றனர். எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்று கூறுவது நம் நோக்கமன்று. அம்முடிவை எவ்வாறு அடைவது என்பதையே ஈண்டு ஆராய்வோம்.

பேரவையின் எல்லை

முதற்கண், சட்டப்பேரவையால் ஆவது யாது என்பதை அறிதல் வேண்டும். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பகுத்துள்ளது. காவல், பொதுச் சுகாதாரம், வேளாண்மை, நிலம், உள்ளாட்சி ஆகியன மாநிலத்தின்பாற்பட்டவை. பாதுகாப்பும் அயலுறவும் ஒன்றியத்திற்குரியவை. கல்வியோ 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டது. நாடாளுமன்றத் தேர்தலில் கேட்க வேண்டிய வினாவைப் பேரவைத் தேர்தலில் கேட்பது, நெல்லை அளக்கத் துலாக்கோலை விடுத்து முழக்கோலை எடுப்பதை ஒக்கும்.

பேரவையின் சட்டம் வீட்டு வாசல்வரை வரும் என்பதற்கு இரு சான்றுகள் போதும். இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமையை வழங்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989இல் இயற்றியது. நாடு முழுமைக்குமான திருத்தம் 2005இல்தான் வந்தது. பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டினுள் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு ஒதுக்கப்பட்டது 2007இல். அதன் பயனை நம் மாணவர்கள் நன்கறிவர்.

கட்சியா, வேட்பாளரா?

'கட்சி எதுவாயினும் நல்ல மனிதருக்கு வாக்களிப்போம்' என்பார் உளர். 'ஆளைப் பார்க்காதே, சின்னத்தைப் பார்' என்பாரும் உளர். இவ்விரண்டும் பாதி உண்மைகளே.

1985இல் நிறைவேறிய 52ஆவது திருத்தம் கட்சித்தாவல் தடைச் சட்டத்தைத் தந்தது. அதன்படி, கட்சியின் கட்டளையை மீறிப் பேரவையில் வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரும். முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் மனு அளித்த அ.தி.மு.க. உறுப்பினர் 18 பேர் 2017 செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்யப்பட்டதை நாடறியும். எனவே, எத்துணை நல்லவராயினும் முக்கியமான வேளையில் அவர் கட்சி சொல்வதையே செய்வார் என்று கொள்ளல் தகும். கூட்டணியில் உள்ள சிறிய கட்சியினர் பெரிய கட்சியின் சின்னத்தில் போட்டியிட்டு வென்றால், பேரவையில் அவர்கள் அப்பெரிய கட்சியின் உறுப்பினராகவே கருதப்படுவர். வேட்பாளரின் சொந்தக் கட்சி எது என்பதோடு, அவர் நிற்கும் சின்னம் எது என்பதையும் நோக்குதல் இதனால் இன்றியமையாததாகிறது.

ஆயினும் வேட்பாளரை ஆராயாது விடுதலும் தவறே. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்றது உத்தரமேரூர்க் கல்வெட்டு. உச்சநீதிமன்றத்தின் 2002, 2003ஆம் ஆண்டுத் தீர்ப்புகளின் பயனாக, இன்று ஒவ்வொரு வேட்பாளரும் தம் சொத்து, கடன், கல்வி, குற்றவழக்குகள் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் தெரிவித்தாக வேண்டும். அப்பத்திரம் எவரும் காணக்கூடியது. காண்பவரோ மிகச் சிலர்.

வாக்குறுதியும் வருவாயும்

தேர்தல் அறிக்கையைப் படிக்கும்போது, 'இதற்குப் பணம் எங்கிருந்து வரும்?' என்ற வினா எழ வேண்டும். இலவசப் பொருள்கள் குறித்த வாக்குறுதி முறைகேடான செயலாகாது என்று 2013இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பின் வழிவந்த தேர்தல் ஆணைய நெறிமுறைகள், வாக்குறுதிக்கான நிதிவழியைக் கட்சிகள் சுட்டவேண்டும் என்கின்றன. 2017இல் சரக்கு-சேவை வரி வந்தபின், மாநிலம் தானே விதித்துத் திருத்தக்கூடிய வரிகள் குறைந்துவிட்டன. எரிபொருள், மது, பத்திரப்பதிவு, வாகனம் ஆகியவையே அவற்றுள் முதன்மையானவை. நிதிவழி கூறாத வாக்குறுதி கடனாகவோ வேறொரு திட்டத்தின் குறைப்பாகவோ நம்மிடமே திரும்பி வரும்.

ஒரு வாக்கின் எடை

தொகுதியில் மிகுதியான வாக்குப் பெற்றவரே வெற்றியாளர் என்பது நம் முறை. 1967இல் தி.மு.க. பெற்ற வாக்கு விழுக்காட்டைவிடக் காங்கிரசு பெற்றது சற்றே கூடுதல். எனினும், கூட்டணி அமைத்துக் குறைந்த தொகுதிகளில் நின்ற தி.மு.க.வே ஆட்சி அமைத்தது. 2016இல் இராதாபுரத்தில் 49 வாக்கு வேறுபாட்டிலும், 2021இல் தியாகராய நகரில் 137 வாக்கு வேறுபாட்டிலும் வெற்றி அறிவிக்கப்பட்டது. நம் கல்லூரியின் இரண்டு மூன்று வகுப்புகள் அவ்விரு முடிவுகளையும் மாற்றியிருக்கக்கூடும்! 2013 முதல் வழக்கில் உள்ள 'நோட்டா' கண்டனத்தைப் பதிவு செய்யும். ஆனால், அதுவே மிகுதியாயினும் அடுத்துள்ள வேட்பாளர் வென்றவராவார்.

பெரியோரும் இளையோரும்

இறுதியாக, சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். வேட்பாளரோ அவர் இசைவுடன் பிறரோ மதம், சாதி, மொழி ஆகியவற்றின் பெயரால் வாக்குக் கேட்பது முறைகேடு என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் (1951). கேட்பவருடைய மதமேயன்றி வாக்காளருடைய மதமும் இதில் அடங்கும் என்று 2017 சனவரியில் உச்சநீதிமன்றம் தெளிவுறுத்தியது. ஊரின் தேவைகளைத் திரட்டி, எல்லா வேட்பாளரையும் அழைத்து ஒரே வினாக்களைக் கேட்டு, விடைகளை அனைவரும் அறியச் செய்தல் பெரியோர் ஆற்றத்தக்க அரும்பணி. மக்கள் கேட்கும் முன்னரே முடிவை அறிவித்துவிட்டால், நம் வாக்கு உறுதியென்று எண்ணும் கட்சி நம் குறைகளைக் கேட்க வரவேண்டிய தேவை இல்லாது போய்விடும்.

வீட்டிலும் இதுவே முறையாகும். மகனோ மகளோ மனைவியோ, வாக்கு அவரவருடையது. இரகசிய வாக்கெடுப்பை வகுத்த சட்டம், யாருக்கு வாக்களித்தீர் என்று கேட்கும் உரிமையை எவருக்கும் வழங்கவில்லை. பணம் வழங்கப்பட்டதாலேயே 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தொகுதிகளில் தேர்தல் நிறுத்தப்பட்டது. பணம் பெற்றவர் அடுத்த ஐந்தாண்டுகளும் கேள்வி கேட்கும் வாயை இழக்கின்றார்.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரத்திற்கே பெயரிட்டார். நிறைகுறைகளை நிறுத்துப் பார்த்து மிகுதியைக் கொண்டு முடிவு செய்வதே அவர் காட்டும் நெறி. குறையே இல்லாத கட்சியைத் தேடுவோர் வாக்குச்சாவடிக்குச் செல்லவே இயலாது. வாக்கு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஆராய்ந்து அளித்தவரே, அளித்த பின்னும் கணக்குக் கேட்கும் தகுதியுடையோர் ஆவர்.