அணுவுலைக் கவசமும் கணிப்பொறியும்

கவசம் என்றதும் கன்னன் உடலோடு பிறந்த கவசமே தமிழ் பயின்றார் நெஞ்சில் முதலிலே தோன்றும். அதனை எவ்வம்பும் துளைக்கமாட்டாது. அணுவுலையைச் சூழ்ந்து நிற்கும் கவசம் அத்தகையதன்று. எத்துணைத் தடித்த சுவரும் கதிர்களுள் ஒரு சிறு பங்கைக் கடந்துபோக விட்டே தீரும். சுவருக்கு அப்பால் நின்று தொழில் செய்பவனுக்கு அப்பங்கு தீங்கு விளையாத அளவினதோ என்பதே வினா. சுவரைக் கட்டி முடித்தபின் விடை தேடுவது பேதைமை. முன்னரே கணித்தறிதல் வேண்டும்.

அணுவுலையிலிருந்து வெளிப்படுவனவற்றுள் காமாக் கதிரும் நியூத்திரனுமே பெருந்தொல்லை தருவன. காமாக் கதிரைத் தடுக்க ஈயம், இரும்பு முதலிய பாரமான பொருள்கள் ஏற்றவை. நியூத்திரனோ பாரமான அணுக்கருவில் மோதித் தெறிக்குங்கால், பாறையிற் பட்ட பந்துபோலப் பெரும்பாலும் வேகங் குன்றாது திரும்பும். தன்னோடொத்த திணிவுடைய ஐதரசன் கருவில் மோதும்போதே வேகத்தைப் பெரிதும் இழக்கும். ஆதலின் நீரும், நீரைத் தன்னகத்தே பிணித்துள்ள கொங்கிறீற்றும் வேண்டப்படுகின்றன. இங்கும் ஒரு சங்கடம் உண்டு. ஓய்ந்த நியூத்திரனை விழுங்கும் ஐதரசன் கரு தானே புதிய காமாக் கதிரொன்றை உமிழும்.

சுவரினுள் ஒரு நியூத்திரன் எத்தனை முறை மோதும், எங்கெங்கே திரும்பும் என்பதைச் சூத்திரமொன்றில் அடக்குதல் அரிது. இதற்கு வழி திறந்தவர் ஸ்ரனிஸ்லாவ் உலாம் என்னும் கணித அறிஞர். 1946 இல் நோயினின்று தேறிவந்த அவர், தனியே சீட்டாடிப் பொழுது போக்கினார். ஆட்டம் வெற்றியாய் முடிவதன் நிகழ்தகவைக் கணிக்கப் புகுந்து, அது கைகூடாமையின், நூறுமுறை ஆடி வெற்றிகளை எண்ணினால் என்ன என்று சிந்தித்தார். நியூத்திரனுக்கும் இவ்வாறே செய்யலாமன்றோ? யோன் வொன் நொய்மன் 1947 மார்ச்சில் இதனைக் கணிப்பொறிக்கேற்ப வகுத்துக் கடிதம் வரைந்தார். 1948 இல் எனியாக் என்னும் பொறியிலே கணிப்பு நடந்தது. அது அணுக்குண்டு ஆய்வின்பொருட்டே நடந்தது என்பதை மறைத்தல் முறையன்று. சூதுக்குப் பேர்போன மொன்ரே கார்லோ என்னும் இடத்தின் பெயரே இம்முறைக்கு வழங்கலாயிற்று.

பொறி ஒரு நியூத்திரனைப் பிறப்பிக்கும். எழுமாற்றெண்களைக் கொண்டு அது எவ்வளவு தூரம் செல்லும், எதில் மோதும், சிதறுமோ விழுங்கப்படுமோ என்று படிப்படியே தீர்மானிக்கும். இவ்வாறு இலட்சக்கணக்கான வாழ்க்கை வரலாறுகளை எழுதியபின், சுவரைக் கடந்தவற்றை எண்ணுவர்.

ஆயின் நல்ல கவசத்தைக் கோடியில் ஒன்று கடப்பதும் அரிது. கோடி வரலாறு எழுதினும் கைக்கு ஒன்றும் அகப்படாது போகலாம். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு வரலாறுகள் வேண்டும். பத்திலொன்றாக்க நூறு மடங்கு வேண்டும். ஆகவே ஒரு தந்திரஞ் செய்வர். சுவரினுள் ஆழச்சென்ற நியூத்திரனை இரண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் பாதி மதிப்பு அளிப்பர். பின்னோக்கித் திரும்பியவற்றிலோ நாணயஞ் சுண்டுவதுபோற் பாதியை அழித்து, எஞ்சியவற்றின் மதிப்பை இரட்டிப்பர். 'ரஷ்யன் ரூலட்' என்னும் கொடிய துப்பாக்கிச் சூதின் பெயரையே இதற்கு இட்டனர். மொத்த மதிப்புச் சராசரியில் மாறாமையால் விடை கோணாது. உழைப்பு மட்டும் வேண்டிய இடத்திற் குவியும். இத்துணை நேர்மையான தந்திரத்தை யான் வேறெங்கும் கண்டிலேன்.

எனினும், சுவரூடு செல்லும் குழாய்த் துளையொன்றைக் கணக்கிற் சேர்க்க மறந்தால், பொறி அதனைத் தானே அறியாது. அத்துளை வழியே கதிர் தடையின்றிப் பாயும். அதனாலேயே அத்தகைய வழிகளை நேராக வையாது வளைத்து அமைக்கின்றனர். உலையின் வலுவைச் சிறிது சிறிதாக உயர்த்தும்போது, அளவைக் கருவியோடு சுவரைச் சுற்றிவந்து பார்க்கவும் செய்கின்றனர்.