இரண்டு ஊசியும் ஒரு நூலும்
தோற்பொருள் செய்யப் புகுவோருக்குச் சில குறிப்புகள்

பாடசாலைத் தவணை தொடங்கிய இரண்டாம் வாரம், ஒரு மாலைப்பொழுதில், பேருந்து நிலையத்துக்கு எதிரே எமது தோற்பையின் கைப்பிடி வார் அறுந்தது. பை வாய் பிளந்து வீழ்ந்தது. ஒன்பதாந் தர மாணாக்கரின் விடைத்தாள்கள் வீதியெங்கும் சிதறின. பை வாங்கி ஓர் ஆண்டுகூட நிறையவில்லை. எடுத்துப் பார்த்தபோது தோல் சற்றும் பழுதுபட்டிருக்கவில்லை. தையல் மாத்திரமே விட்டுப்போயிருந்தது. ஓரிடத்தில் நூல் தேய்ந்து அறுந்தவுடன், அடுத்துள்ள தையல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுவிட்டன.

அந்நிலையத்தின் அருகே வேப்பமர நிழலில் சப்பாத்துத் தைக்கும் முதியவர் ஒருவர் இருக்கின்றார். பத்தாண்டுகளாக நாள்தோறும் அவரைக் கடந்து சென்றிருக்கின்றோம். அவர் முகத்தை நின்று பார்த்தது அன்றுதான். பையை வாங்கி ஒரு முறை புரட்டிப் பார்த்தார்.

“இது மெசின் தையல், மாஸ்டர். ஒரு இடத்தில அறுந்தா மிச்சமெல்லாம் கழண்டுபோம். நான் ரெண்டு ஊசியால தைச்சுத் தாறன். அறுந்தாலும் கழராது” என்றார்.

கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அக்கால் மணி நேரமும் அவர் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றோம். பட்டம் பெற்று, இரசாயனம் கற்பித்து, பல ஆண்டுகள் கழிந்த பின்னர், தோல் என்னும் பொருளைப் பற்றி நாம் அறிந்திருந்தது எவ்வளவு குறைவு என்பது விளங்கிற்று. மறுநாள் மாலை மீண்டும் சென்றோம். “எமக்கும் இதனைக் கற்றுத் தருவீர்களா, ஐயா?” என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, தாம் அமரும் சிறு பலகையில் பாதியை ஒதுக்கித் தந்தார். அங்கே கற்றதையும், பின்னர் வீட்டில் செய்து பார்த்துக் கெடுத்துத் திருத்திக்கொண்டதையும் இங்கே எழுதுகின்றோம்.

சேணக்காரர் தையல்

தையல் இயந்திரத்தில் மேலே ஒரு நூலும் கீழே ஒரு நூலும் ஓடுகின்றன. இரண்டும் தோலின் நடுவில் ஒன்றையொன்று கொளுவிக்கொள்கின்றன. எந்த நூலும் மறுபக்கத்துக்கு முழுமையாகச் செல்வதில்லை. ஆதலால் ஒரு நூல் அறுந்தால் மற்றையது பற்றிக்கொள்ள இடமின்றித் தளர்கின்றது.

கைத்தையலில் ஒரே நூலின் இரு நுனிகளிலும் இரண்டு ஊசிகள் கோக்கப்படுகின்றன. ஒவ்வொரு துளையினூடாகவும் இரு ஊசிகளும் எதிரெதிர்த் திசையில் நுழைகின்றன. இவ்வாறு வலமும் இடமுமாக இரு நூல்கள் ஒவ்வொரு துளையையும் கடந்து செல்வதால், ஒன்று அறுந்தாலும் மற்றையது பிடித்துக்கொண்டு நிற்கும். குதிரைச் சேணம் செய்வோர் இம்முறையைக் கையாண்டமையால் மேல்நாட்டில் இதற்குச் சேணத் தையல் என்றே பெயர். குதிரை பாயும்போது வார் அறுமாயின் ஏறியிருப்பவனின் உயிருக்கே கேடு அன்றோ. இங்கிலாந்தின் வால்சல் நகரம் சேணத் தொழிலாற் பெயர் பெற்றது. அவ்வூர் உதைபந்தாட்டக் கழகத்தைச் ‘சேணக்காரர்’ என்றே அழைக்கின்றனர். 1837ஆம் ஆண்டில் பாரிசில் குதிரை வார்ப்பட்டறையாகத் தொடங்கிய ஏர்மேஸ் நிறுவனம், இன்று உலகின் விலையுயர்ந்த கைப்பைகளுக்கும் இந்தத் தையலையே இடுகின்றது. வேப்பமரத்தடியில் எமது பைக்கு இடப்பட்டதும் இதுவே.

முதியவர் எல்லாவற்றையும் இம்முறையில் தைப்பதில்லை. சப்பாத்தின் அடிப்பகுதிபோல் உள்ளே கை நுழையாத இடங்களில் கொக்கி ஊசியைப் பயன்படுத்துகின்றார். பாரம் தாங்கும் வார்களுக்கு மாத்திரம் இரண்டு ஊசிகள்.

தோலின் இனம்

தோல் வாங்குமுன் அது எவ்வாறு பதனிடப்பட்டது என்று கேட்டறிதல் வேண்டும். மரப்பட்டை, காய், இலை ஆகியவற்றின் துவர்ப்புச் சத்தினாற் பதனிடுவது பழைய முறை. ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தமிழகத்தில் பதனிடப்பட்ட தோல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சென்னைத் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறின. அதே ஆவாரை நமது வடபகுதி வேலியோரங்களிலும் மஞ்சட் பூப்பூத்து நிற்கின்றது. குரோமிய உப்பினாற் பதனிடுவது புதிய முறை. 1884இல் அமெரிக்காவில் இதற்கு உரிமப்பத்திரம் பெறப்பட்டது. வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நடந்த வேலை இதனால் ஓரிரு நாளில் முடிவதாயிற்று. உலகத் தோலின் பெரும்பகுதி இன்று இவ்வாறே பதனிடப்படுகின்றது.

குரோமியத் தோல் மென்மையானது, நீரைத் தாங்கும். எனினும் கைவேலை பழகுவோருக்குத் துவர்ப்பில் பதனிட்ட தோலே ஏற்றது. அது விறைப்பாக நிற்கும், துளை விலகாது, ஓரத்தை நனைத்துத் தேய்த்தாற் பளபளக்கும், சாயத்தை எளிதில் ஏற்கும். முதற் பயிற்சிக்கு ஒன்றரை மில்லிமீற்றர் முதல் இரண்டு மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள துண்டு போதும். அடையாள அட்டை வைக்கும் சிறு உறை ஒன்றைச் செய்யத் தொடங்குவது நன்று.

வேண்டிய கருவிகள்

கடையிலே நீண்ட பெட்டியில் நாற்பது கருவிகளை அடுக்கி விற்கின்றனர். அத்தனையும் வேண்டியதில்லை. கூரிய கத்தி, உலோக அடிமட்டம், குத்தூசி, முனை மழுங்கிய ஊசிகள் இரண்டு, தடித்த லினன் நூல் அல்லது பொலியெஸ்டர் நூல், ஒரு கட்டி தேன்மெழுகு, தோலுக்குரிய பசை, மரச்சுத்தி ஆகியவை போதும். துளைகளின் இடைவெளியைக் குறிக்க முட்கரண்டிபோற் பற்களையுடைய இரும்பு ஒன்று உண்டு. அது கிடையாதெனில், பிள்ளைகளின் கணிதப் பெட்டியில் இரு முனையும் ஊசியாக உள்ள கவராயமே போதுமானது.

தைக்கும்போது தோலைப் பிடித்திருக்க ஓர் இடுக்குப் பலகை வேண்டும். இரு கைகளும் ஊசிக்கே வேண்டியிருப்பதால் மூன்றாவது கைபோல் அது உதவும். வளைந்த இரு மரத்துண்டுகளை அடியிற் பொருத்தி, முழங்கால்களுக்கிடையில் வைத்து நெருக்கிக்கொள்ளலாம். முதியவருக்கு அப்பலகையும் இல்லை. தம் கால் விரல்களாலேயே வாரைப் பற்றிக்கொள்கின்றார்.

தைக்கும் முறை

முதலில் மட்டையில் அளவு வரைந்து வெட்டி, அதனைத் தோலின்மேல் வைத்துக் குறிக்க வேண்டும். ஒரே வீச்சில் அறுக்க முயலலாகாது. அடிமட்டத்தை அழுத்திப் பிடித்து, இலேசாக மூன்று நான்கு முறை இழுத்தால் வெட்டு நேராக அமையும். சாயம் ஏற்றுவதாயின் இந்நிலையிலேயே ஏற்றிவிட வேண்டும்; பசை பட்ட இடத்திற் சாயம் ஊறாது, தைத்தபின் நூலிலும் கறை படும்.

தைக்கவேண்டிய ஓரங்களைப் பசையால் ஒட்டிக் காயவிட்ட பின்னர், ஓரத்திலிருந்து நான்கு மில்லிமீற்றர் உள்ளே ஒரு கோடு கீறி, அக்கோட்டில் நான்கு மில்லிமீற்றருக்கு ஒரு துளையாகக் குறிக்க வேண்டும். குத்தூசியின் அலகு சாய்சதுர வடிவினது. எல்லாத் துளைகளிலும் அது ஒரே சாய்வில் நுழைந்தால், தையலும் ஒரே சாய்வில் அழகாக வரிசையிட்டு நிற்கும்.

நூலின் நீளம் தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்கும், அதற்குமேல் ஒரு சாணும் இருத்தல் நலம். தேன்மெழுகின்மேல் நூலை மூன்று முறை இழுத்துக்கொள்ள வேண்டும். மெழுகு நூலை வழுக்கச் செய்வதோடு, இறுகிய பின் நழுவாமலும் பிடித்துக்கொள்ளும். ஊசியிற் கோத்த நூலின் நுனியை ஊசிமுனையாற் குத்தி, காதுவரை இழுத்துவிட்டால் முடிச்சின்றி நிற்கும்.

முதல் துளையில் நூலை நுழைத்து இரு பக்கமும் சம நீளமாக்குக. அடுத்த துளையில் இடக்கை ஊசியை முதலில் நுழைத்து இழுக்குக. அதே துளையில் வலக்கை ஊசியை எதிர்த்திசையில் நுழைக்குக. பின்னர் இரு கைகளாலும் சமமாக இழுத்து இறுக்குக. எந்தக் கை முதலில் தொடங்கியதோ, கடைசித் துளை வரை அந்தக் கையே முதலில் தொடங்க வேண்டும். இடையில் மாற்றினால் தையலின் சாய்வு மாறி, அவ்விடம் பல்வரிசையில் விழுந்த பல்போல் தோன்றும். முடிவில் இரண்டு மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து நூலை ஒட்ட வெட்டிவிடலாம்.

எமது முதல் உறையில் நேர்ந்த பிழையைச் சொல்ல வேண்டும். இரண்டாவது ஊசியை நுழைக்கும்போது, துளையில் ஏற்கெனவே உள்ள நூலை அது குத்தி ஊடறுத்துவிட்டது. அதனை அறியாது மேலும் பதினொரு தையல்கள் இட்டுவிட்டோம். இழுத்தபோது நூல் நகரவில்லை. பதினொன்றையும் பிரிக்க நேர்ந்தது. ஊசிமுனை மழுங்கியிருக்க வேண்டுவதன் காரணம் இதுவே. துளையிடுவது குத்தூசியின் வேலை. வழி கண்டு செல்வது மாத்திரமே ஊசியின் வேலை. முதல் ஊசியை நுழைத்தபின் நூலைச் சற்றுப் பின்னிழுத்து, துளையின் ஒரு மூலைக்கு ஒதுக்கிக்கொண்டு இரண்டாவதை நுழைத்தால் இத்தொல்லை இல்லை.

தையல் முடிந்ததும் மரச்சுத்தியால் மெல்லத் தட்டிப் படியவிடுக. ஓரத்தை அரத்தாளினால் தேய்த்து, நீர் தடவி, வழுவழுப்பான மரத்துண்டினால் விரைந்து உரைஞ்சினால் கண்ணாடிபோல் மினுங்கும்.

நிறம் ஏற்றுதல்

கடைச் சாயங்கள் இருவகை. மதுசாரத்திற் கரைந்தவை ஆழமாக ஊறி விரைவில் உலரும். அவற்றைச் சாளரம் திறந்த அறையில், நெருப்புக்கு எட்டாத இடத்திற் கையாள வேண்டும். நீரிற் கரைந்தவை நாற்றம் குறைந்தவை, பழகுவோருக்கு உகந்தவை. எதுவாயினும் முதலில் வெட்டித் துண்டிற் பூசிப் பார்த்தல் வேண்டும். தோலைச் சிறிது ஈரப்படுத்தி, கம்பளித் துணியால் வட்டமாகச் சுழற்றி, மெல்லிய பூச்சாகப் பல முறை பூசுதல் வேண்டும். ஒரே தடவையில் ஊற்றினால் திட்டுத்திட்டாகும். எண்ணெய்க் கை பட்ட இடத்திற் சாயம் ஏறாது; எமது இரண்டாவது உறையில் பெருவிரல் அடையாளம் இன்றும் வெண்மையாக இருக்கின்றது. நிழலில் உலர்த்தி, உலர்ந்த துணியால் ஒட்டாத சாயத்தைத் துடைத்தெடுத்த பின்னரே எண்ணெய் தடவுக.

கறுப்பு நிறத்தை வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளலாம். இரும்பு ஆணிகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி எண்ணெய் போக்கி, வினாகிரியில் ஒரு வாரம் ஊறவிடுக. துருப்பிடியா எஃகு உதவாது. ஐதரசன் வாயு வெளிப்படுமாதலால் போத்தலை இறுக மூடலாகாது. நெருப்பும் அருகில் ஆகாது. பின் வடிகட்டி, துவர்ப்பிற் பதனிட்ட தோலிற் பூசினால் சில நிமிடங்களிற் சாம்பலாகிக் கறுக்கும். தோலினுள் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பும் கூடுவதால் தோன்றும் நிறம் இது. கடுக்காயும் இரும்பும் சேர்த்து நம் முன்னோர் மை கூட்டியதும் இந்த வினையினாலேயே. பூசுமுன் தோலுக்குக் கடுந் தேயிலைச் சாயம் ஒரு முறை தடவினால் கறுப்பு மேலும் ஆழும். தேயிலையிலும் துவர்ப்பு உண்டு. முடிவில் அரை லீற்றர் நீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துத் தடவி அமிலத்தைப் போக்கி, நன்னீரில் அலசுதல் வேண்டும். அன்றேல் தோல் நாளடைவில் நொறுங்கும். குரோமியத் தோலில் இக்கறுப்பு ஏறாது. ஆகவே தோலின் இனத்தை அறியும் சோதனையாகவும் இது பயன்படும்.

இந்தப் பரிசோதனையை வகுப்பில் மாணாக்கருக்குக் காட்டினோம். வெளிறிய தோல் கண்முன்னே கறுத்தது கண்டு எல்லோரும் மேசையைச் சூழ்ந்தனர். மணி அடித்து யாவரும் சென்றபின், வழமையாக வாய் திறவாத ஒரு மாணவன் தயங்கி நின்றான்.

“சேர், தோல் கொஞ்சம் ஈரமா இருக்கேக்க எண்ணெய் பூசினா நல்லா இழுக்கும். முழுக்கக் காயவிட்டா இழுக்காது. அப்பப்பா அப்படித்தான் செய்யிறவர்” என்றான்.

வேப்பமரத்தடி முதியவரின் பேரன் அவன். நாம் அங்கே பலகையில் அமர்ந்திருந்த மாலைகளில், வீதியின் மறுபக்கத்தால், தலையைத் திருப்பாமல் நடந்து செல்பவன் ஒருவன் உண்டு. அவனே இவன் என்பது அப்போதுதான் புலப்பட்டது.

கோயிலிலும் அரங்கிலும் மிருதங்கம் முழங்கும்போது நாம் மெய்ம்மறந்து கேட்கின்றோம். அதன் முகங்கள் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும். அதனை இறுக்கும் வார் எருமைத்தோல். அத்தோலைப் பதப்படுத்தி வார் பிடித்தவரை மாத்திரம் பிறப்பைச் சொல்லி வாசலிலேயே நிறுத்தினோம். எமது பாட்டியார், சப்பாத்துத் தைக்கக் கொடுத்த காசின் மீதியை நீர் தெளித்தே வாங்குவார். சிறுவயதில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுள் நாமும் ஒருவர். அன்று ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள், எண்ணெய் பூசும் முறையை வகுப்பாருக்கு எடுத்துச் சொல்லுமாறு அம்மாணவனைக் கேட்டோம். தெளிவாகச் சொன்னான், ஒரு தோல் துண்டில் செய்தும் காட்டினான். யாரிடம் கற்றான் என்பதை மாத்திரம் சொல்லவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை. அதைச் சொல்ல அவன் அஞ்சுவதற்குக் காரணம் அவன் அல்லன் என்பதை நாம் அறிவோம்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் நாம் இப்போதும் அந்தப் பலகைக்குச் செல்கின்றோம்; எமது தையல் இன்னும் நேராகவில்லை. முதியவர் தைத்த கைப்பிடி அன்றுபோலவே உறுதியாக இருக்கின்றது. சென்ற வாரம் அவர் ஒரு சிறு குத்தூசியைப் பிடி மாற்றிப் புதுக்கிக்கொண்டிருந்தார். யாருக்கு என்று கேட்டோம்.

“பெடியன் கேட்டவன், மாஸ்டர்” என்றார்.