கூழைக்கடாவைக் கூட்டிலிருந்து எழுப்பாமல் பார்ப்பது எப்படி?

கலிபோர்னியாவின் ஆக்ஸ்நார்டு துறைமுகத்திலிருந்து படகேறினால் ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் அனகாபா வந்துவிடுகிறது. அடுத்தடுத்து நிற்கும் மூன்று சிறு தீவுகளுக்குச் சேர்த்து வைத்த பெயர் அது. சுற்றுலாப் பயணிகள் ஏறிச் சுற்றிப் பார்ப்பது கிழக்குத் தீவை. மேற்குத் தீவின் செங்குத்தான சரிவுகளில் பழுப்புக் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. அமெரிக்காவின் மேற்குக் கரையில் இந்தப் பறவை நிலையாகக் கூடு கட்டி வாழும் இடங்கள் இரண்டுதான்: அனகாபாவும் சான்டா பார்பரா தீவும். அதனால் ஜனவரி முதல் அக்டோபர் முடியும் வரை, மேற்கு அனகாபாவை ஒட்டிய கடலில் ஒரு பகுதிக்குள் படகுகூட நுழையக் கூடாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று முதன்முறை வருபவர்களுக்குத் தோன்றலாம். கூடு செயல்படும் விதம் தெரிந்தால் அந்தக் கேள்வியே எழாது.

கோழியைப் போலக் கூழைக்கடா வயிற்றால் மூடி அடைகாப்பதில்லை. சவ்வு இணைந்த அகன்ற பாதங்களை முட்டைகளின் மேல் வைத்து, அந்தச் சூட்டிலேயே பொரிக்கிறது. பெரும்பாலும் மூன்று முட்டைகள். ஆணும் பெண்ணும் முறைவைத்துக் காக்க, ஒரு மாதத்தில் குஞ்சு வெளிவரும். நாலைந்து கிலோ எடையுள்ள பறவையின் பாதத்தைத் தாங்கும் அளவுக்கு ஓடு கெட்டியாக இருக்க வேண்டும். 1960-களில் அந்த ஓடுதான் காலை வாரியது.

லாஸ் ஏஞ்சலீஸ் அருகே டாரன்ஸ் நகரில் மாண்ட்ரோஸ் ரசாயன ஆலை 1947 முதல் டி.டி.டி. பூச்சிக்கொல்லியைத் தயாரித்து வந்தது. அதன் கழிவு நகரின் சாக்கடைக் குழாய்கள் வழியாகக் கடலில் கலந்தது. அந்த நஞ்சு நெத்திலி மீன்களில் சேர்ந்து, அவற்றைத் தின்ற கூழைக்கடாக்களின் கொழுப்பில் தங்கியது. டி.டி.டி. சிதைந்து உண்டாகும் டி.டி.இ., ஓட்டில் கால்சியம் படிவதைத் தடுத்தது. அடைகாக்க வைத்த பாதமே முட்டையை நொறுக்கியது. 1970-ல் அனகாபாவில் 552 ஜோடிகள் கூடு கட்டின. வளர்ந்து பறந்தது ஒரே ஒரு குஞ்சு.

அதே ஆண்டில் இப்பறவை அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. 1972-ல் அமெரிக்கா டி.டி.டி.க்குத் தடை விதித்தது. பட்டியலிலிருந்து முழுமையாக நீக்கும் அளவுக்கு எண்ணிக்கை தேறியது 2009-ல்தான். ஆபத்து இவ்வளவு பெரிது என்று உலகுக்குத் தெரிந்ததற்கு, தீவில் போய்க் கூடுகளை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்களே காரணம். ஆனால் கூட்டருகே போவதே கேடாகவும் முடியும் என்பதையும் ஆய்வாளர்கள்தான் எடுத்துச் சொன்னார்கள். மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா பகுதித் தீவுகளில் ஆராய்ந்த டேனியல் ஆண்டர்சனும் ஜேம்ஸ் கீத்தும் 1980-ல் இதை எழுதினர். ஆள் நெருங்கினால் அடைகாக்கும் பறவைகள் எழுந்துவிடுகின்றன. காத்திருக்கும் கடற்காகங்கள் சில நிமிடங்களில் முட்டைகளைத் தூக்கிவிடுகின்றன. பொரித்த குஞ்சின் உடம்பில் இறகே கிடையாது. பெற்றோரின் நிழல் விலகினால் வெயிலை அதனால் தாங்க முடியாது.

ஆகவே பார்க்க வேண்டியவர் படகிலிருந்தோ கரையிலிருந்தோ நல்ல பைனாகுலரில் பார்ப்பதே சரி. அப்படிப் பார்த்தாலே கண்ணுக்கு விருந்துதான். இனப்பெருக்க காலம் நெருங்கும்போது பறவையின் தலையில் மஞ்சள் ஏறும்; வெளுத்திருந்த பின்கழுத்து கரும்பழுப்பாக மாறும். கலிபோர்னியப் பறவைகளுக்குத் தொண்டைப்பையின் அடிப்பாகம் இரத்தச் சிவப்பாகும். ஆண் சுள்ளி கொண்டுவந்து கொடுக்க, பெண் வாங்கி அடுக்கிக் கூடு கட்டும். வளர்ந்த பறவைகள் பெரும்பாலும் வாயே திறப்பதில்லை; தீவிலிருந்து எழும் இரைச்சல் குஞ்சுகளுடையது. முதலில் பெற்றோர் பாதி செரித்த மீனைக் கூட்டில் கக்கிவைக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் குஞ்சு, பெற்றோரின் தொண்டைக்குள் தலையையே நுழைத்து எடுத்துத் தின்னும்.

இரை பிடிப்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். கூந்தன்குளத்தில் ஊர் மரங்களிலேயே கூடு கட்டும் நம் புள்ளி அலகுக் கூழைக்கடா நீந்திக்கொண்டே மீனை அள்ளும். பழுப்புக் கூழைக்கடாவோ 15, 20 மீட்டர் உயரத்திலிருந்துகூடத் தலைகுப்புறக் கடலில் விழும். நீரைத் தொடும் நேரத்தில் உடலை இடப்பக்கம் திருப்பிக்கொள்ளும். கழுத்தின் வலப்பக்கம் இருக்கும் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் அடிபடாமல் இருக்கத்தான் இது. தோலுக்கடியில் உள்ள காற்றுப்பைகள் மோதலின் வேகத்தைத் தாங்கிக்கொள்ளும். மேலே வந்ததும் அலகைத் தாழ்த்திப் பையிலுள்ள நீரை வடிக்கும். அந்தச் சில நொடிகளுக்குத்தான் ஹீர்மன் கடற்காகம் காத்திருக்கிறது. கூழைக்கடாவின் தலைமேலேயே உட்கார்ந்து, அலகோரத்தில் பிதுங்கும் மீனைப் பறித்துவிடும்.

நஞ்சு குறைந்ததோடு கவலை தீரவில்லை. நெத்திலியும் மத்தியும் எட்டாத ஆழத்துக்கோ தொலைவுக்கோ போய்விட்டால், பெரிய பறவைகள் கூட்டைக் கைவிடுகின்றன. 2022-லும் 2024-லும் வசந்த காலத்தில் நூற்றுக்கணக்கான கூழைக்கடாக்கள் எலும்பும் தோலுமாகக் கலிபோர்னியக் கரைகளில் ஒதுங்கின. மீட்பு மையங்களில் இடம் நெருக்கடியானது.

தலையும் கழுத்தும் பழுப்பாக, வயிறு மட்டும் வெளுத்த இளம் பறவைகள் மூன்று மாத அளவில் பறக்கத் தொடங்கி, மீன் கிடைக்கும் துறைமுகங்களுக்கும் வந்துசேரும். தூண்டில் முள்ளும் நரம்பும் காத்திருப்பது அங்கேதான். மீன் வெட்டும் மேடைகளில் கழிவை வீசினால் இவை பழகிவிடும். பெரிய மீனின் எலும்பு தொண்டைப்பையைக் கிழிக்கும். பறவைமேல் தூண்டில் முள் மாட்டிக்கொண்டால் நரம்பை அறுத்துவிட்டுப் போய்விடக் கூடாது. தொங்கும் நரம்பு பாறையிலோ மரத்திலோ சிக்கினால் பறவை அங்கேயே செத்துப்போகும். மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும். முடியாவிட்டால் மீட்பு மையத்துக்குச் சொல்ல வேண்டும். இன்டர்நேஷனல் பேர்ட் ரெஸ்க்யூ அமைப்பு 2009 முதல், குணமாக்கி விடுவித்த கூழைக்கடாக்களின் காலில் எண்ணிட்ட நீல வளையம் மாட்டி வருகிறது. கரையில் நிற்பவர் பைனாகுலரில் அந்த எண்ணைப் படித்து, தேதியையும் இடத்தையும் எழுதி அனுப்பினால், பிழைத்த பறவை எவ்வளவு தூரம் போனது, எத்தனை ஆண்டு வாழ்ந்தது என்ற பதிவில் அதுவும் சேர்ந்துவிடும்.