நிகழ்வும் எண்ணமும் மனநிலையும்

மாணவர்களே, தவணைப் பரீட்சையில் கணித பாடத்துக்கு 32 புள்ளி பெற்ற இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் "எனக்கு மூளையில்லை" என நினைக்கிறார். மற்றவர் "கேத்திரகணிதக் கணக்குகளை நான் செய்து பார்க்கவில்லை" என நினைக்கிறார். புள்ளி ஒன்றே. ஆயினும் முதலாமவருக்கு அடுத்த நாள் வகுப்புக்கு வரவே மனமிராது. இரண்டாமவர் கவலைப்பட்டாலும் கொப்பியைத் திறப்பார். இவ்வேறுபாட்டுக்குக் காரணம், நடந்த விடயத்தை அவர்கள் தமக்குத் தாமே விளக்கிக்கொண்ட விதமாகும்.

1978 இல் ஏப்ரம்சன், செலிக்மன், ரீஸ்டேல் ஆகிய உளவியலாளர்கள் இதனை ஆராய்ந்து எழுதினர். தமக்கு நேர்ந்த தீமைக்கு ஒருவர் கூறும் காரணத்தை மூன்று வகையில் நோக்கலாம். அது தன்னிடம் உள்ளதா, வெளியில் உள்ளதா? நிலையானதா, மாறக்கூடியதா? வாழ்வின் எல்லா விடயங்களையும் தொடுவதா, இந்த ஒன்றை மட்டுமா? "எனக்கு மூளையில்லை" என்பது தன்னிடம், என்றைக்கும், எல்லாவற்றிலும் என்றாகிறது. இவ்வாறு எண்ணிப் பழகியோர் துன்பம் நேரும்போது மனச்சோர்வுக்கு உள்ளாகும் வாய்ப்புக் கூடுதலாகும்.

என் வகுப்பில் பலர் "பிறர்மீது பழியைப் போட்டால் மனம் இலேசாகும்" என விடை எழுதுகிறார்கள். அது பிழை. மேலே சொன்ன இரண்டாமவரும் குறையைத் தன்னிடமே காண்கிறார். ஆனால் அது திருத்தக்கூடிய குறை. ஒரு பகுதிக்கு மட்டும் உரியது.

புள்ளியை விடப் பெரிய விடயங்களும் உண்டு. தாய் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்றுவிட்ட ஏழு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். சிறு பிள்ளைகள் நடப்பவற்றைத் தம்மோடு தொடர்புபடுத்தியே விளங்கிக்கொள்வதுண்டு. "நான் குழப்படி செய்தபடியால்தான் அம்மா போய்விட்டா" என்று அப்பிள்ளை எண்ணக்கூடும். வீட்டுக் கடனைப் பற்றி யார்தான் அதற்குச் சொன்னார்கள்? பிரிவுத் துயரோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது. அம்மம்மா ஒருநாள் பக்கத்தில் இருத்தி, "உன்னால இல்லையடா, கடன் கட்டத்தான் அம்மா போனவ" என்று சொன்னால் குற்றவுணர்வு தணியும். துயரம் இருக்கும். தாயைப் பிரிந்த பிள்ளை அழுவது தவறான சிந்தனையன்று. அதனிடம் போய் "நல்லதையே நினை" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் எண்ணத்தைச் சோதிக்க ஓர் இலகுவான வழி உண்டு. மனம் வாடும்போது தோன்றும் வசனத்தை அப்படியே எழுதுங்கள். அதில் "எப்போதும்", "ஒன்றுமே", "எல்லாரும்" போன்ற சொற்கள் இருந்தால் அடிக்கோடிட்டு, அவற்றுக்கு ஆதாரம் உண்டா எனப் பாருங்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாகச் சோர்வு நீடித்து, நித்திரையும் சாப்பாடும் குழம்பினால் கொப்பி போதாது. பாடசாலையின் ஆலோசனை ஆசிரியரிடமோ வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடமோ சொல்லுங்கள்.

பயிற்சி: "என் சிநேகிதி இன்று என்னோடு கதைக்கவில்லை. என்னை ஒருவருக்கும் பிடிக்காது." இவ்வெண்ணத்தை மேற்கூறிய மூன்று வகையிலும் ஆராய்ந்து, பொருத்தமான வேறு இரண்டு விளக்கங்களை எழுதுக.