பன்னுக்குள் தொக்கு

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை மார்க்கெட்டில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே புகுந்து வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால், பர்கர் விற்கும் கடை ஒன்று கட்டாயம் கண்ணில் படும். அங்கேயும் தக்காளி இருக்கிறது, சிவப்பு பாட்டிலுக்குள். கூடையில் இருக்கும் பழத்தை வாங்கிப்போய், பாட்டிலில் இருப்பதைவிட நன்றாக வீட்டிலேயே செய்து பன்னுக்குள் தடவலாம். செய்ய வேண்டும் என்றே சொல்வேன். காரணம் உடம்பு மட்டும் அல்ல, ருசியும்தான்.

சென்னையின் தென்புறநகருக்குப் பர்கர் வந்து நிலைத்துவிட்டது. சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் ஒரு பக்கம். பெருங்களத்தூர், வண்டலூர், பொத்தேரி இன்னொரு பக்கம். வழி நெடுகக் கல்லூரிகளும் விடுதிகளும். 1937இல் கிறித்துவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிவந்ததிலிருந்து மாணவர்களின் மாலைப் பசிக்கு இந்த ஊர் எதையாவது சமைத்துக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது அந்தப் பட்டியலில் பர்கர். வீடுகளிலும் செய்கிறார்கள். தெருமுனை பேக்கரியில் பன், கடையில் வாங்கிய பேட்டி அல்லது அம்மா தட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு கட்லெட், வட்டமாக நறுக்கிய வெங்காயம். எல்லாம் கையால் செய்து முடித்த பிறகு மேலே பிதுக்குவது மட்டும் கெச்சப்.

நம் பேக்கரி பன்னை யாராவது வெறுமனே மென்று பார்த்திருக்கிறீர்களா? அது இனிக்கும். டீயில் தொட்டுத் தின்பதற்காகவும், வெண்ணெயும் ஜாமும் தடவுவதற்காகவும் பழக்கப்பட்ட பன் அது. பர்கருக்கென்று மேலே எள்ளு தூவி விற்கும் பன்னிலும் பெரும்பாலும் அந்த இனிப்பு போவதில்லை. அதன் மேல் ஊற்றுகிற கெச்சப்போ, ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறக்குறைய 4 கிராம் சர்க்கரை கொண்டது. இனிப்பின் மேல் இனிப்பு. நடுவில் இருக்கும் கட்லெட்டின் மிளகும் சோம்பும் எங்கே போயின என்றே தெரியாது. இந்த இடத்தில் தேவைப்படுவது புளிப்பும் காரமும் தூக்கலாக, இனிப்பு பின்னால் மெல்ல வருகிற ஒன்று. அதைச் செய்யத் தெரியாத தமிழ்ச் சமையலறை கிடையாது.

கெச்சப் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படித்தால் அது எப்படி வேலை செய்கிறது என்பது புரியும். தக்காளி விழுது, சர்க்கரை, உப்பு, அவற்றுக்குப் பின்னால் சில எண்கள். 260 என்றால் அசெட்டிக் அமிலம், அதாவது வினிகரின் புளிப்பு. 415 என்பது சாந்தன் கோந்து, 1422 என்பது பதப்படுத்திய ஸ்டார்ச். இரண்டும் சாஸைக் கெட்டியாக வைத்திருக்க. 211 சோடியம் பென்சோயேட், பூஞ்சை பிடிக்காமல் இருக்க. எல்லா நிறுவனமும் எல்லாவற்றையும் சேர்ப்பதில்லை. இவை அனுமதிக்கப்பட்ட பொருள்கள். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. கெச்சப் என்று விற்க வேண்டுமானால் உப்பு நீங்கலாகக் கரையும் திடப்பொருள் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று நம் நாட்டு விதி சொல்கிறது. தக்காளியில் 94, 95 சதவீதம் தண்ணீர். மிச்சத்தைச் சர்க்கரையால் நிரப்புவது மலிவு என்பதால் சர்க்கரை முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெயரும் லேபிளும் இல்லாமல் பெரிய கேன்களில் வரும் சிவப்புச் சாஸைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அதில் தக்காளி இருக்கிறதா என்று கேட்கக்கூட வழியில்லை, வாங்காதீர்கள்.

கெச்சப் என்றாலே தக்காளி என்பதும் ஒன்றும் ஆதிகால விதி இல்லை. தென்கிழக்கு ஆசியக் கடற்கரையில் புளிக்கவைத்த மீன் சாற்றிலிருந்து கிளம்பி, ஆங்கிலேய வணிகர்கள் வழியாக இங்கிலாந்து போய், அங்கே காளானிலும் அக்ரூட் கொட்டையிலும் செய்யப்பட்டது அது. ஹன்னா கிளாஸ் 1747இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில், கப்பல் தலைவர்களுக்காக இருபது ஆண்டு கெடாமல் இருக்கும் கெச்சப் ஒன்று இருக்கிறது. பழைய பீர், நெத்திலி வகை மீன், சின்ன வெங்காயம், காளான். தக்காளி கிடையாது. தக்காளியில் செய்யும் முறையை பிலடெல்பியாவின் ஜேம்ஸ் மீஸ் அச்சில் ஏற்றியது 1812இல். ஹைன்ஸ் நிறுவனத்தின் தக்காளிக் கெச்சப் சந்தைக்கு வந்தது 1876இல். ஒவ்வொரு ஊரும் தன் கையில் இருந்ததை வைத்துத்தான் இதைச் செய்திருக்கிறது. தாம்பரத்துக்காரர்கள் தங்கள் கையில் இருப்பதை வைத்துச் செய்வதில் என்ன தயக்கம்?

அதற்காகச் சட்னியை எடுத்துப் பன்னில் தடவினால் ஆகாது. தேங்காய்ச் சட்னியும் பச்சைக் கொத்தமல்லிச் சட்னியும் தண்ணீர் விடும். ஐந்தே நிமிடத்தில் அடிப் பன் ஊறிப் பிய்ந்து கையோடு வரும். பர்கருக்கு வேண்டியது சுண்டியது, ஒட்டிக்கொண்டு நிற்பது, ஆறினாலும் ருசி மாறாதது. தொக்கு அப்படிப்பட்டது. ஆனால் வழக்கமான தக்காளித் தொக்கை அப்படியே எடுத்துப் போடுவதும் சரியாக வராது. தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்வதற்காகச் செய்யப்படுவது அது. எண்ணெய் மிதக்கும், உப்பு தூக்கலாக இருக்கும், தோல் நாக்கில் தட்டும். பர்கருக்கு அதைக் கொஞ்சம் திருத்த வேண்டும்.

தக்காளி வாங்கும்போதே தொடங்குகிறது வேலை. மார்க்கெட்டில் நாட்டுத் தக்காளி, நவீன் தக்காளி என்று தனித்தனியாகச் சொல்லி விற்பார்கள். நாட்டுத் தக்காளி தட்டையாக, வரி விழுந்து, சாறும் புளிப்பும் நிறைந்திருக்கும். நவீன் நீள்வட்டம், சதை கெட்டி, புளிப்பு குறைவு. ருசிக்கு நாடு, கெட்டிக்கு நவீன். நான் முக்கால் பங்கு நாடும் கால் பங்கு நவீனும் எடுப்பேன். ஒரு கிலோ பழத்தைக் கீறிக் கொதிநீரில் போட்டுத் தோலை உரித்து, ஊறவைத்த ஆறேழு மிளகாய் வற்றலோடும் சிறு நெல்லிக்காய் அளவு புளியோடும் சேர்த்து நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். நிறத்துக்குக் காஷ்மீர் மிளகாய், காரத்துக்கு இரண்டு குண்டு மிளகாய். இதை அடிகனமான வாணலியில் எண்ணெய் விடாமல் முதலில் சுண்டவிட வேண்டும். எண்ணெயை ஆரம்பத்திலேயே ஊற்றுவதால்தான் தொக்கு அவ்வளவு எண்ணெய் குடிக்கிறது. பாதிக்கும் கீழே வற்றி, மேலே தெறிக்க ஆரம்பித்ததும் அடுப்பைத் தணித்து, கல் உப்பும் ஐம்பது கிராம் வெல்லமும் போட்டு, அதன் பிறகு மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய். தக்காளிக்குச் சிவப்பு தரும் லைக்கோபீன் எண்ணெயில் கரைவது என்பதால் அந்த மூன்று கரண்டி வீண் இல்லை. எண்ணெய் விழுந்ததும் நிறம் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

கடைசியில் வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கடுகு ஒரு தேக்கரண்டி. இந்த இரண்டையும் நம் பாட்டிமார் வாசனைக்காக மட்டும் போடவில்லை என்றே நினைக்கிறேன். வெந்தயத்தில் நீரை உறிஞ்சிக் கெட்டிப்படும் கோந்து இருக்கிறது. கடுகுத்தூள் எண்ணெயும் சாறும் பிரிந்து ஓடாமல் பிடித்துவைக்கிறது. பாட்டிலில் 415 செய்கிற வேலையை அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயம் செய்துவிடுகிறது. வெந்தயம் மட்டும் கருகக் கூடாது. கருகினால் மொத்தத் தொக்கும் கசந்துபோகும், வெல்லம் போட்டும் சரிசெய்ய முடியாது.

பதம் பார்ப்பது எப்படி? ஒரு சொட்டைத் தட்டில் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். சுற்றிலும் தண்ணீர் வளையம் கட்டினால் இன்னும் சுண்ட வேண்டும். விட்ட இடத்தில் விட்டபடி நின்றால் இறக்கிவிடலாம். சாஸ் தொழிற்சாலைகளிலும் இப்படிப் பார்ப்பது உண்டு. ஒரு கிலோ பழம் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட வந்து நிற்கும். எண்ணெயும் உப்பும் குறைத்துவிட்டதால் ஊறுகாய் போல மாதக்கணக்கில் வெளியே வைக்க முடியாது. சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்தால் இரண்டு வாரத்துக்குக் கவலையில்லை. புளியை விட்டுவிடாதீர்கள். நன்றாகப் பழுத்த தக்காளியில் அமிலம் குறைந்துவிடும். கெடாமல் காப்பதில் பாதி வேலை அந்தப் புளிப்புடையது.

தக்காளியே எட்டாத விலைக்குப் போகும் மாதங்களும் வரும். 2023 ஜூலையில் சென்னையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியதும், தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றதும் நினைவிருக்கும். அதே மாதம் வட, கிழக்கு இந்திய மெக்டொனால்ட்ஸ் கடைகள், தரமான பழம் கிடைக்கவில்லை என்று சொல்லி பர்கரிலிருந்து தக்காளித் துண்டை எடுத்துவிட்டன. அப்படிப்பட்ட நாளில் புளி இஞ்சி கைகொடுக்கும். இஞ்சியையும் பச்சை மிளகாயையும் பொடியாக நறுக்கி நல்லெண்ணெயில் வதக்கி, கெட்டிப் புளிக்கரைசல் விட்டு, வெல்லமும் பெருங்காயமும் போட்டுத் தேன் பதத்துக்குக் காய்ச்சினால் முடிந்தது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி பேட்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் சாப்பிட்டதில்லை. இறைச்சிக் கொழுப்பை வெட்டுவதில் புளிக்கு நிகர் இல்லை. சித்திரை வந்துவிட்டால் மாங்காய்ப் பச்சடி இருக்கிறது. வருடப் பிறப்பன்று மிஞ்சியதை இன்னும் கொஞ்சம் சுண்டவிட்டு, மறுநாள் கோழிக் கட்லெட்டோடு பன்னில் வையுங்கள்.

பன்னுக்கும் வீட்டுத் தொக்குக்கும் உறவு புதிது என்று நினைப்பவர்கள் பாக் நீரிணையைத் தாண்டிப் பார்க்க வேண்டும். இலங்கை பேக்கரிகளில் சீனிச் சம்பல் வைத்த பணிஸ், அதாவது பன், அன்றாடச் சாப்பாடு. வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, குறைந்த தீயில் பொறுமையாக வதக்கி, புளி, சீனி, மிளகாய்த்தூள், கறுவா, ஏலம் சேர்த்து, மாசிக்கருவாடு இடித்துப் போட்டுச் செய்வது சீனிச் சம்பல். இனிப்பு, புளிப்பு, உப்பு, காரம், அடியில் கருவாட்டின் அந்த ஆழமான ருசி. கெச்சப் எதையெல்லாம் தருவதாகச் சொல்கிறதோ அத்தனையும் இதில் உண்டு, இன்னும் அதிகமாகவே உண்டு. பர்கரில் வைக்க இதில் எதையும் மாற்றத் தேவையில்லை. வெங்காயம் கருகாமல், அவசரப்படாமல் அரை மணி நேரம் அடுப்படியில் நிற்கத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சைவம் சாப்பிடுகிறவர்கள் கருவாட்டை விட்டுவிடலாம்; ருசி கொஞ்சம் குறையும், ஆனாலும் நன்றாக இருக்கும்.

மும்பையின் வடா பாவ் இன்னொரு சான்று. பன்னுக்குள் உருளைக்கிழங்கு, அதன் மேல் பூண்டும் கொப்பரையும் மிளகாயும் சேர்த்து இடித்த உலர் பொடி. நம் பூண்டுப் பொடியை அப்படித் தூவலாம். பூண்டுத் தொக்காகச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சைப் பூண்டை எண்ணெயில் மட்டும் ஊறவைத்து வெளியே வைப்பது ஆபத்து. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் நஞ்சு உண்டாக்கும் பாட்டுலினம் கிருமி வளர இடமுண்டு. வதக்கி, புளியோ எலுமிச்சையோ தாராளமாகச் சேர்த்து, ஃபிரிட்ஜில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

கெச்சப்பின் கூடவே வரும் வெள்ளைச் சாஸையும் சொல்லாமல் விட முடியாது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை விதித்தது. சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் காரணம். வீட்டில் மிக்சியில் பச்சை முட்டையை அடித்துச் செய்கிறவர்களுக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும், நம் வெயிலில் முக்கியமாக. கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி ஃபிரிட்ஜுக்குள் ஆறு மணி நேரம் தொங்கவிட்டால் வெண்ணெய் போல நிற்கும். அதில் உப்பு, வறுத்த சீரகப் பொடி, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் சேர்த்தால் போதும். மேல் பன்னில் தயிர், அடிப் பன்னில் தொக்கு. அடிப் பன்னை முன்கூட்டியே தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி வாட்டிவிடுங்கள். சாறு உள்ளே இறங்காது.

வீட்டுப் பிள்ளைகள் முதல் தடவை "சாஸ் எங்கம்மா?" என்று கேட்பார்கள். பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாடம் நடத்த வேண்டியதில்லை. இரண்டையும் மேசையில் வையுங்கள். மிளகாயைக் குறைத்து, வெல்லத்தை ஒரு கட்டி கூட்டி ஒரு தொகுதி செய்து பாருங்கள். அரைப்பதையும் கிளறுவதையும் அவர்களையே செய்யவிட்டால் இன்னும் நல்லது.

விலை இறங்கும் காலம்தான் மொத்தமாகச் செய்யத் தோதான காலம். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வரத்து பெருகி, பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயிகள் பழத்தைச் சாலையோரம் கொட்டுகிற செய்தி அடிக்கடி வருகிறது. அந்த வாரங்களில் சண்முகம் சாலையில் கடை கட்டும் நேரத்துக்குப் போனால், மென்மையாகப் பழுத்துவிட்ட தக்காளியைக் கூறு கட்டிக் கொடுப்பார்கள். பூசணம் பூத்ததையும் தோல் வெடித்துப் புளித்த வாடை வருவதையும் ஒதுக்கிவிட்டு மற்றதை அள்ளிக்கொள்ளலாம். தொக்குக்கு அந்தப் பழம்தான் சிறந்தது. புளி மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள்.