பொறுப்பாளர் மாறலாம், காணிக்கையின் நோக்கம் மாறாது



நம் பங்குப் பள்ளிக்கு ஆண்டு நிதி திரட்டும் நாள்கள் இவை. இதே வேளையில் தலைமையாசிரியையான அருள்சகோதரி மாற்றலாகிச் செல்கிறார். "சிஸ்டரை நம்பித்தானே கொடுத்தோம், இனி வருபவர் எப்படியோ?" என்று சிலர் தயங்குகிறீர்கள். நியாயமான கேள்விதான்.

எருசலேம் ஏழைகளுக்காகக் கொரிந்து மக்களிடம் நிதி திரட்டியபோது, புனித பவுல் அப்பணத்தைத் தனியாளாகக் கையாளவில்லை. தீத்துவோடு வேறு சகோதரர்களையும் அனுப்பினார் (2 கொரி 8). ஆண்டவர் முன்னிலையில் மட்டுமல்ல, மனிதர் பார்வையிலும் நேர்மை விளங்க வேண்டும் என்று விரும்பினார்.

1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இதையே கேட்கிறது. ஒரு நோக்கத்திற்கெனத் தரப்பட்டதை அதற்கு மட்டுமே செலவிட வேண்டும் (எண் 1267). நிர்வாகப் பொறுப்பேற்பவர் சொத்துப் பட்டியலில் கையெழுத்திட வேண்டும் (எண் 1283). மக்கள் தந்ததற்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் (எண் 1287).

ஆகவே, ஏழைப் பிள்ளைகளின் கட்டணத்திற்கென நீங்கள் தருவதைப் புதியவர் தம் விருப்பப்படி கட்டடத்திற்குத் திருப்ப முடியாது. தாராளமாகக் கொடுங்கள், கணக்கும் கேளுங்கள். அதைக் காட்டுவது பங்குத்தந்தையாகிய என் கடமை. செல்பவருக்கு நன்றி சொல்வோம். வருபவரைச் செபத்தோடு வரவேற்போம். ஆமென்.