போர்டுக்கு முன்னால் ஒரு மீட்டர்

தி.நகர்க் கடைத்தெருக்களின் பின்சந்தில் மாடியேறினால், ஒரே தளத்தை இரண்டு மூன்று பேர் பங்கு போட்டு வாடகைக்கு எடுத்திருக்கும் தையல் யூனிட்டுகளைப் பார்க்கலாம். ஓவர்லாக் மெஷின் ஒருவருடையது, அயர்ன் டேபிள் இன்னொருவருடையது. பேனல் போர்டு மட்டும் எல்லோருக்கும் பொது. பொது இடம் என்றால் நம்மூரில் கேட்க வேண்டுமா? துணி பேல், அட்டைப்பெட்டி, யாரோ சாத்திவிட்டுப் போன ஏணி என்று எல்லாம் போர்டின் அடியில்தான் வந்து சேரும்.

சட்டம் இதை விட்டுவைக்கவில்லை. 1956-ம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 51-வது விதி, ஸ்விட்ச்போர்டுக்கு முன்னால் குறைந்தது 1 மீட்டர் இடம் காலியாக இருக்க வேண்டும் என்றது. மத்திய மின்சார ஆணையம் 2010-ல் கொண்டுவந்து 2023 வரை நடைமுறையில் இருந்த ஒழுங்குமுறைகளும் அதையே சொல்லின.

பின்பக்கத்துக்கான விதிதான் விநோதம். போர்டின் பின்னால் திறந்த இணைப்புகள் இருந்தால், சுவருக்கும் அதற்கும் நடுவே 20 சென்டிமீட்டருக்குக் குறைவாக இடம் இருக்கலாம். அல்லது 75-க்கு மேல் இருக்கலாம். இடைப்பட்ட அளவு கூடாது. 20-க்குள் என்றால் ஆள் நுழைய முடியாது. 75-க்கு மேல் என்றால் நுழைந்தவர் நிமிர்ந்து வேலை செய்து திரும்பி வரலாம். 40, 50 சென்டிமீட்டர் சந்துதான் பொறி: உடம்பை ஒடுக்கி உள்ளே போய்விடலாம், ஷாக் அடித்தால் பின்வாங்க வழியில்லை.

முன்பக்க இடமும் அதற்காகத்தான். மூடியைத் திறந்து வேலை பார்க்கும்போது ஸ்பேனர் நழுவி இரண்டு ஃபேஸ்களைத் தொட்டால் மின்வில் உண்டாகும். அதன் வெப்பம் சுமார் 20,000 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். சூரியனின் மேற்பரப்பே 5,500 டிகிரிதான். செம்பு ஆவியாகி வெடிக்கும். ஷாக்கை மட்டுமே பேசிக்கொண்டிருந்த மின்துறையில், இந்தத் தீக்காயத்தின் கணக்கை 1982-ல் ரால்ஃப் லீ என்ற அமெரிக்கப் பொறியாளர் எழுதினார். தள்ளிப் போகப் போக வெப்பத்தின் தாக்கம் வேகமாகக் குறையும். ஆனால் எலக்ட்ரீஷியனின் முதுகுக்குப் பின்னால் துணி பேல் இருந்தால் அவர் எங்கே தள்ளிப் போவார்?

மூடி சாத்தியே இருந்தாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. அடையாறு, மயிலாப்பூர் பக்கத்து உப்புக்காற்றில் டெர்மினல்கள் சீக்கிரம் அரிக்கும். தளர்ந்துபோன ஓர் இணைப்பில் தடை வெறும் 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 20 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 40 வாட் வெப்பம். ஈயத்தை உருக்கும் சாதாரண சால்டரிங் அயர்னுக்கு 25 வாட் போதும். ஓடுவது வழக்கமான கரன்ட்தான் என்பதால் எம்சிபி ட்ரிப் ஆகாது. பக்கத்தில் பஞ்சுத்தூசி படிந்த அட்டைப்பெட்டி இருந்தால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். துணி பற்றினால் என்ன ஆகும் என்பதைத் தி.நகர் 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் பார்த்தது. ஏழு மாடி ஜவுளிக்கடையில் பிடித்த தீயை ஒரு நாள் கடந்தும் முழுதாக அணைக்க முடியவில்லை. கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்தே விழுந்தது.

'இந்த வாடகையில் ஒரு மீட்டரைச் சும்மா விடுவதா' என்ற கேள்வி நியாயம்தான். 80 சென்டிமீட்டர் அகல போர்டுக்கு அது 9 சதுர அடிகூட வராது. சுவரோடு பொருத்திய சிறு போர்டில் பின்பக்க இணைப்பும் இருக்காது. முன்பக்கம் மட்டும் கணக்கு. தரையில் மஞ்சள் பெயின்ட் கோடு இழுத்து, உள்ளே ஐஎஸ் 15652 முத்திரையுள்ள இன்சுலேட்டிங் மேட்டை விரிக்கலாம். வாசலில் போடும் சாதா ரப்பர் மிதியடி அதற்கு ஈடாகாது.